ஈரத்துணிக்காரர் வீட்டுக் கன்று

அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது யாருக்கும் நினைவில்லை. மாட்டுக் கண்காட்சிகளில் நடுவராக இருந்தபோது, பரிசுக்கு நிற்கும் செவலை மாடுகளின் நெற்றியை ஈரத்துணியால் அழுத்தித் தேய்ப்பார். அந்த இனத்துக்கு உடம்பு முழுக்கச் செவலை. வெள்ளை தெரிந்தால் கலப்பு. அதை மறைக்கப் பூசிய சாயம் துணியில் ஒட்டினால், சொந்த மச்சான் மாடானாலும் வெளியே போக வேண்டியதுதான். ஒரு முறை மனைவியின் அண்ணன், அந்த மச்சானேதான் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து இவர் ஈரத்துணிக்காரர். மச்சான் இந்த வீட்டு வாசல் மிதிப்பதை விட்டுவிட்டார்.

சொந்தத் தொழுவத்தில் மனுஷன் இன்னும் கறார். வெளி ரத்தம் வரவே கூடாது என்று வீட்டுப் பசுக்களை வீட்டுக் காளையோடு சேர்த்துச் சேர்த்து, கடைசியில் காளைக்கு அதன் மகளையே சேர்க்கும்படி ஆனது. பிறந்த கன்றுகள் பொம்மை மாதிரி அழகு. ஆனால் எழுந்து நிற்காது. சாக்கு போர்த்தி, புட்டியில் பால் கொடுத்து, பக்கத்திலேயே படுத்துக் கிடந்தும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. வேறு இனத்து ரத்தம் கலந்தால்தான் பிழைக்கும் என்று கால்நடை மருத்துவர் படித்துப் படித்துச் சொன்னார். இவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

காளையை விட்டால் மிஞ்சியது அந்த மகள் பசு மட்டும். அது மறுபடி சினையானதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பசு கொஞ்சம் பலமாக மூச்சு விட்டாலே எழுந்து தொழுவத்துக்கு ஓடுவார். மனைவியும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் நடமாடினாள். அவள் பயம் வேறு என்பது பிறகுதான் தெரிந்தது.

கன்று பிறந்து விழுந்தது. தள்ளாடியது, சரிந்தது, மறுபடி எழுந்தது, தானே மடியைத் தேடிப் போய் முட்டியது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. நெற்றி ஈரத்தைத் துடைத்தார். சுண்ணாம்பைத் தொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளை.

மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க வெளியூர்க் கண்காட்சிக்குப் போயிருந்தப்பதான் பசு பருவத்துக்கு வந்துச்சு. நம்ம காளைகிட்ட விடச் சொன்னீங்க. நான் சினை ஊசிக்காரரைக் கூப்பிட்டு வேற இனத்து ஊசி போட்டேன். இன்னொரு கன்னைக் குழியில வைக்க என்னால முடியாதுங்க."

அவர் எழுந்து தொழுவத்துக் கதவைச் சாத்தினார். மாடு வளர்ப்போர் சங்கத்துச் செயலாளர் அம்மா கன்றைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்துவிட்டது. வெள்ளையைக் கண்டால் இந்தத் தொழுவத்தையே சுத்த இனப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். வாழ்நாள் பேரும் போய்விடும். அதை நினைக்க நினைக்கக் கை கால் ஓடவில்லை.

ஓடாத கை ஒரு வேலை மட்டும் செய்தது. தன் மீசைக்குப் பூசும் செம்பழுப்புச் சாயத்தை எடுத்துக் கன்றின் நெற்றியில் பூசியது. மனைவி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

செயலாளர் அம்மா வந்தார். கன்றின் முதுகைத் தடவினார், காலைப் பார்த்தார், இப்படி ஒரு கன்றை இந்தத் தொழுவத்தில் பார்த்து எவ்வளவு காலமாச்சு என்றார். அவர் பையில் வெள்ளைத் துணி மடித்து இருப்பது ஈரத்துணிக்காரர் கண்ணில் பட்டது. துணி எப்போது வெளியே வரும் என்று காத்திருந்தார். அது வரவில்லை.

"தேய்ச்சுப் பாக்கலீங்களா?" என்று அவரே கேட்டுவிட்டார்.

"உங்க வீட்டுக் கன்னுக்கு எதுக்குங்க ஈரத்துணி?" என்று அந்த அம்மா சிரித்தார்.

பிடிபட்டிருந்தால்கூட இப்படிச் சுட்டிருக்காது. மச்சான் தலைகுனிந்து மாட்டை ஓட்டிப் போனது கண்முன் வந்தது. தோள் துண்டைத் தொட்டித் தண்ணீரில் நனைத்தார். கன்றின் நெற்றியை அழுத்தித் தேய்த்தார். துண்டு பழுப்பானது, வெள்ளை பளிச்சென்று தெரிந்தது.

"கலப்புங்க. பட்டியல்லேருந்து எடுத்துடுங்க," என்றார். "ஆனா நிக்குது, பாருங்க."

அந்த அம்மா போன பிறகும் துண்டு அவர் கையிலேயே இருந்தது. மனைவியிடம் சொன்னார்:

"உங்க அண்ணனுக்கு ஒரு போன் போடு. கன்னு பாக்க வரச் சொல்லு."