ஒரு ஊசியக் காணோமுங்க

எங்கள் அப்பாவின் பழைய ஜீப்புக்கு நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் வல்லமை இருந்தது. நல்லூரில் ஏற வேண்டிய மலை எதுவும் இல்லை என்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே கிடையாது. துணி மூட்டைகளோடு அவர் தெருமுக்கில் திரும்பும்போது முன்சக்கரத்திலிருந்து 'டக்கு டக்கு' என்று சத்தம் கிளம்பும். "வந்துருச்சு பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள்.

வீட்டை ஒட்டியிருந்த தையல் கம்பெனி அம்மாவின் ராஜ்ஜியம். "ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தச் சத்தம் நிக்கோணுமுங்க. இல்லீனா திங்கக்கிழமை பழைய இரும்புக்குப் போட்டுருவேன்" என்று அப்பாவிடம் தீர்ப்பு சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்வாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் என் தாய்மாமாவும் முன்சக்கரங்களைக் கழற்றினார்கள். மாமாவுக்கு மெக்கானிக் வேலை கொஞ்சம் தெரியும். தைரியம் அதைவிட அதிகம். அச்சுத்தண்டை உருவி, அதன் இணைப்பில் தேய்ந்துபோயிருந்த கிராஸைத் தட்டி எடுத்தார். கூட்டல் குறி மாதிரி இருக்கும் அந்த இரும்புதான், சக்கரம் திரும்பும்போது தண்டு மடங்கிச் சுற்ற உதவுமாம். புதுக் கிராஸின் ஒவ்வொரு முனைக்கும் ஒரு சின்ன இரும்புக் கிண்ணம். அதன் உள்சுவரில் மெல்லிய உருளைகள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். அவற்றுக்கு ஊசி என்று பெயர். அந்தப் பெயர்தான் வினையாகிவிட்டது.

கடைசிக் கிண்ணத்தை மாட்டப்போன மாமா, வரிசையில் ஓர் இடைவெளியைப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார்: "மச்சான், ஒரு ஊசியக் காணோமுங்க."

கம்பெனியில் தீப்பிடித்திருந்தால்கூட அவ்வளவு பதறியிருக்க மாட்டார்கள். உடைந்த ஊசிமுனை ஒரு குழந்தைச் சட்டைக்குள் போய்விட்டால் மொத்த ஆர்டரும் திரும்பி வந்துவிடும். அதனால் ஊசி காணோம் என்றால், கிடைக்கும்வரை ஒரு மிஷினும் ஓடாது. அன்று அவசர ஆர்டர் வேறு. மிஷின்கள் எல்லாம் ஒரேயடியாக நின்றன. டெய்லர்கள் தரையில் தவழ்ந்தார்கள். தைத்த சட்டைகளை உதறினார்கள். குச்சியில் கட்டிய காந்தத்தோடு அம்மா வெளியே ஓடிவந்தாள்.

"யாரு மிஷின்லடா?"

"நம்ம ஜீப்புலதானுங்கக்கா" என்றார் மாமா.

மாமா சொல்லும்போது ஸ்டீயரிங்கைத் திருப்புவதற்காக வண்டியில் உட்கார்ந்திருந்த நான் சீட்டுக்கு அடியில் பதுங்கினேன். அன்று ஸ்பேர் கடைகளும் பூட்டு. விட்டது தொல்லை என்று அம்மா போயிருக்கலாம். ஆனால், "எந்த ஊசியா இருந்தா என்ன, காணோம்னா காணோந்தான்" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் காந்தத்தை விட்டாள். என் ஹேர்பின் கிடைத்தது. அப்பா போன வாரம் முழுக்கத் தேடிய நட்டு கிடைத்தது. ஊசி மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில், தைத்த பீஸைச் சோதிப்பதுபோலத் தன் தம்பியையே நிற்கவைத்துத் தலையிலிருந்து காந்தத்தால் தடவினாள். முழங்கைக் கிரீஸிலிருந்து ஊசி தாவிக் காந்தத்தில் ஒட்டியது. டெய்லர்கள் கைதட்டினார்கள்.

அன்று மாலை ஜீப் சத்தமே இல்லாமல் முக்கில் திரும்பியது. அப்பா ராஜா மாதிரி இறங்கினார்.

மறுநாள் லோடு இறக்கப் போன அப்பா வர நேரமாகிவிட்டது. அம்மா தோசைக்கல்லை வைப்பதும் இறக்குவதுமாக இருந்தாள். நடுநடுவே வாசலுக்குப் போய் எட்டிப்பார்த்தாள். ஜீப் வாசலிலேயே வந்து நின்ற பிறகுதான் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"இனிமே முக்குல திரும்பறப்ப ஒரு ஹாரன் அடிங்க. நீங்க வர்றதே தெரிய மாட்டீங்குது."

சத்தம் வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றமா என்று நான் அப்பாவுக்காக வருத்தப்பட்டேன். அவரானால் தட்டின் முன்னால் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். திட்டு வாங்கிய மனிதர் எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.