சார் வரலையாங்க?

லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் அந்த அட்டையை நான் பெரும்பாலும் அடையாளச் சான்றாகத்தான் நீட்டிக்கொண்டிருந்தேன். நாங்கள் இருக்கும் கைலாசபுரம் டவுன்ஷிப்புக்குள் கடை, கோவில் என்று காரை எடுப்பேன். அப்போதும் என் கணவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் அவருக்கு வேலை. எதற்கும் இரண்டாவதாக ஓர் ஏற்பாடு இல்லாவிட்டால் தூக்கம் வராது அவருக்கு.

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, தில்லைநகரில் டாக்டரிடம் மறுபடி காட்ட வேண்டியிருந்தது. என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானே கூட்டிப் போகிறேன் என்றேன். காவிரிப் பாலம் தாண்டித் தனியாக நான் வண்டி எடுப்பது அதுதான் முதல் தடவை. யோசித்து யோசித்துச் சம்மதித்தார்.

"ஏதாவதுன்னா எனக்கு போன் பண்ணு. பர்மிஷன் போட்டுட்டு வந்துடறேன். ஆனா அதுக்கப்புறம் தனியாப் போறேன்னு கேக்காத."

காலையில் நான் கேட் தூணில் உரசிவிடுவேன் என்று அவரே வண்டியை வெளியே எடுத்து, எஞ்சினை அணைக்காமலே என்னை உட்கார வைத்தார். பிறகு வீட்டிலிருந்த இன்னொரு சாவியையும் என் கையில் திணித்தார்.

"போய்ச் சேர்ந்ததும் ரெண்டு சாவியையும் ஒரே வளையத்துல மாட்டிக்க. தனித்தனியா இருந்தா ஒண்ணு தொலைஞ்சிடும்."

ஒரே வளையத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே தொலையும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் இப்போது நினைத்தாலும் எரிகிறது. அடையவளஞ்சான் தெருவில் அக்கா வீட்டு வாசலில் நிறுத்தியதும், சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாக இரண்டையும் கோத்துக்கொண்டேன்.

காபி குடித்து, அக்காவைக் கறுப்புக் கண்ணாடியோடு பின் சீட்டில் ஏற்றிவிட்டுச் சாவியைத் திருகினேன். எஞ்சின் ஒரு நொடி உறுமிவிட்டு அணைந்தது. மறுபடி திருகினேன். மறுபடி உறுமி, மறுபடி அணைந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் சாவி வடிவத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்றது.

அது என்ன விளக்கு என்று எனக்குத் தெரியும். டிரைவிங் ஸ்கூலில் சொல்லியிருந்தார்கள். சாவித் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. அதை வண்டி அடையாளம் கண்டுகொண்டால்தான் எஞ்சின் ஓடும். இல்லாவிட்டால் இம்மொபிலைசர் என்கிற திருட்டுத் தடுப்பு விடாது. அதாவது என் சொந்த வண்டி என்னைத் திருடி என்று முடிவு கட்டிவிட்டது. வளையத்தில் இருந்த இன்னொரு சாவியைப் போட்டுப் பார்த்தேன். அதற்கும் நான் திருடிதான்.

பின்னால் தண்ணீர் கேன் வண்டி ஒன்று போக வழியில்லாமல் ஹாரன் அடித்தது. ஓட்டி வந்தவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"பேட்டரி டவுனா இருக்கும்மா. சார் வரலையாங்க?"

பேட்டரி இல்லை என்றேன். எதிர்வீட்டுக்காரர் பனியனோடு வந்தார். "தள்ளிப் பாக்கலாமா? சார் எங்க இருக்காங்க?" தள்ளினால் கிளம்பாது என்றேன். சார் எங்கே என்பதற்கு நான் பதில் சொல்லவில்லை. கார் கம்பெனி உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். இரண்டு பாட்டு கேட்க வைத்துவிட்டு ஒரு பையன் பேசினான். விளக்கு, சிப், உறுமல் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன்.

"ஓகே மேடம். பக்கத்துல சார் யாராவது இருந்தா போனக் குடுங்களேன்."

வைத்துவிட்டேன். கார் என்னை நம்பாததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்தத் தெருவே சேர்ந்துகொண்டு நம்பவில்லை.

"உன் வீட்டுக்காரருக்கு ஒரு போனப் போடேன்டி," என்றாள் அக்கா. "டாக்டர் கிளம்பிடப் போறார். இதுல என்ன வீம்பு?"

"போட்டா வந்துடுவார்க்கா. அவ்வளவுதான், அப்புறம் சாவி என் கைக்கு வராது."

"வராட்டி என்ன? ஆட்டோ இல்லையா ஊர்ல?"

அழுகை வந்துவிட்டது. துக்கம் கொஞ்சமும் இல்லை, முழுக்க ஆத்திரம். திருகும்போதெல்லாம் தொங்கிக்கொண்டிருந்த இன்னொரு சாவி வேறு 'டக் டக்' என்று இடித்துக்கொண்டே இருந்தது, அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து 'பாத்து, பாத்து' என்பதுபோல. நகம் உடைய உடைய அதை வளையத்திலிருந்து பிடுங்கிப் பின்னால் எறிந்தேன். அக்கா மடியில் விழுந்தது.

நம்பிக்கையே இல்லாமல், பழக்கத்தில் இன்னொரு தடவை திருகினேன். எஞ்சின் உறுமியது. அணையவில்லை. சிவப்பு விளக்கைக் காணோம்.

நான் நம்பவில்லை. வண்டியை அணைத்துவிட்டு, அக்காவிடமிருந்து அந்தச் சாவியை வாங்கி இதனோடு ஒட்டிப் பிடித்துத் திருகினேன். அணைந்தது. தூர எடுத்தேன். ஓடியது. இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் பேச, வண்டிக்கு ஒன்றுமே விளங்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

"என்னடி ஆச்சு?" என்றாள் அக்கா.

"சார் கெளம்பிட்டார்," என்றேன். தண்ணீர் கேன்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாலத்தில் ஏறி இறங்கும் வரை கோபம் கூடிக்கொண்டேதான் போனது. டாக்டர் கிளம்பியிருக்கவில்லை. கண் நன்றாக இருக்கிறது என்றார்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் இரண்டு சாவியையும் வாங்கி, வளையத்தில் கோத்து, வெளியே போனார். எஞ்சின் உறுமி அணைவது ஹாலுக்குள் கேட்டது. மறுபடி உறுமியது, மறுபடி அணைந்தது. எத்தனை தடவை பார்த்தாரோ. பிறகு சீராக ஓடும் சத்தம் கேட்டு அடங்கியது.

உள்ளே வந்தவர் முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"அவ்வளவு நேரம் தெருவுல நின்னியே. எனக்கு ஏன் போன் பண்ணல?"

"பண்ணியிருந்தா நீங்க வந்திருப்பீங்களே."

அவர் ஒரு சாவியை ஆணியில் மாட்டினார். இன்னொன்றை என் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கால் கழுவப் போனார்.