எனக்கு எது சோத்துக்கை

என் இடது கையை வைத்து எங்கள் வீட்டில் ஒரு மாதம் பனிப்போர் நடந்திருக்கிறது. களம், நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸின் சமையலறை. ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் தெரபி மேடம். அப்பா ஐ.நா. சபை மாதிரி, கவலை தெரிவிப்பதோடு சரி.

எனக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். டாக்டர்கள் அதை சி.பி. என்பார்கள், சொந்தக்காரர்கள் பாவம் என்பார்கள். வலது கை மடங்கி மார்போடு ஒட்டிக்கொண்டிருக்கும், விரல்கள் சுலபத்தில் திறக்காது. இடது கை கொஞ்சம் ஆடும், ஆனாலும் சொன்ன பேச்சைக் கேட்கும். நடப்பதற்கு ஒரு ஆளையோ சுவரையோ பிடித்துக்கொள்ள வேண்டும். பேச்சு மெதுவாகத்தான் வரும். வர ஆரம்பித்தால் நிற்காது என்பது வேறு விஷயம்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. தானே புயல் எங்கள் பக்கத்து முந்திரியையும் பலாவையும் முறித்துப் போட்டு ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது அம்மா ஒயர் கூடையோடு பள்ளி வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளும் தாமதமாக வந்தவள் இல்லை. சாம்பார் சாதத்தைக் குழையப் பிசைந்து, உருட்டி உருட்டி என் வாயில் வைப்பாள். எதிரே வேப்பமரத்தடியில் என் வகுப்புப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கே ஒரு டிபன் மூடி சுற்றி வரும். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுப் பொரியலில் கொஞ்சம் அதில் வைப்பாள், ஒவ்வொருத்தியும் அதிலிருந்து எடுப்பாள். அந்த மூடி வராந்தாப் பக்கம் வந்ததே கிடையாது. வா என்று யாராவது கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டே மெல்லுவேன். அம்மா ஊட்டும் பிள்ளையை யார் கூப்பிடுவார்கள்?

அந்த வருடம்தான் சனிக்கிழமைதோறும் எங்களைப் போன்ற பிள்ளைகளைப் பார்க்க எங்கள் பள்ளிக்கு ஓ.டி. மேடம் ஒருவர் வர ஆரம்பித்தார். சுரங்கத்துக்காரர்கள் குடியிருக்கும் ஊரில் ஓ.டி. என்றால் ஓவர்டைம். "பாப்பாவ ஓ.டி.க்கு இட்டுக்கினு போறேங்க" என்று அம்மா சொன்னதும் எதிர் வீட்டு மாமி திகைத்துப் போய்விட்டார். கை கால் முடியாதவர்களுக்கு அன்றாட வேலைகளைப் பழக்கும் வைத்தியம் அது என்று விளக்குவதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

முதல் நாளே மேடம் எங்களை உட்கார வைத்து, இந்த வருடம் எதற்குத் திட்டம் போடலாம் என்று கேட்டார். "பரீட்சை எழுத கை வேகமா வரணுங்க," என்றார் அப்பா. "நடந்தா போதுங்க, வேற ஒண்ணும் வேணாம்," என்றாள் அம்மா. மேடம் என் பக்கம் திரும்பி, "உனக்கு என்ன வேணும்?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னைப் பற்றி எல்லோரும் அம்மாவிடம்தான் கேட்பார்கள், நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும்.

"மூடியில வர்ற பொரியல் எனக்கும் வேணும் மேடம்."

அம்மா சிரித்துவிட்டாள். மேடம் சிரிக்கவில்லை. மூடி என்றால் என்ன, யார் யார் உட்காருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு, அதையே திட்டமாக்கினார். உட்காரும்போது என் பாதம் அந்தரத்தில் தொங்கக் கூடாது, அடியில் பலகை வேண்டும். தட்டுக்குப் பதில் விளிம்பு உயர்ந்த கிண்ணம். பிடி தடித்த ஸ்பூன். தினமும் ஒரு வேளை வீட்டில் நானே சாப்பிட்டுப் பழக வேண்டும். கை தேறியதும் அம்மா பள்ளிக்கு வருவதை நிறுத்த வேண்டும். இவ்வளவையும் சொல்லி முடித்து, போகிற போக்கில், "இடது கையால," என்றார்.

அம்மாவின் முகம் மாறியது. ஆனாலும் "சரிங்க மேடம்" என்றாள்.

அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஷிப்டுக்குப் போகும் தன் சைக்கிளின் ஹேண்டில் ரப்பரை உருவி, ஸ்பூனின் காம்பில் ஏற்றிவிட்டார். அதன் பிறகு அவர் ஒரு பக்கம் மொட்டை ஹேண்டிலோடு சுரங்கத்துக்குப் போய் வந்தார். கேட்டவர்களிடமெல்லாம் "பொண்ணு கழட்டிக்கிட்டா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

பழக்கம் ஆரம்பித்தது. ஸ்பூனை என் இடது கையில் வைத்துவிட்டு அப்பா வேலைக்குக் கிளம்புவார். அவர் தெருமுனையைத் தாண்டியதும் அம்மா அதைப் பிடுங்கி, என் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதில் செருகுவாள். "சோத்துக்கை இருக்கசொல்ல பீச்சாங்கையால தின்னுவாங்களா? இதுல பழகு கண்ணு." வலது கையோ பிறந்ததிலிருந்து யார் பேச்சையும் கேட்டதில்லை. மூன்று வாய் போவதற்குள் என் வயிற்றைவிடத் தரை அதிகம் சாப்பிட்டிருக்கும். "போதும், அம்மா ஊட்டுறேன்" என்பாள். கையும் வலிக்கும், பசியும் எடுக்கும். நானும் வாயைத் திறப்பேன்.

ஒரு மாதம் ஆகியும் முன்னேற்றம் இல்லை. மேடம் கிண்ணத்தை மாற்றிப் பார்த்தார், பலகையை உயர்த்திப் பார்த்தார். கடைசியில், "வீட்டுல எப்படிச் சாப்பிடுறியோ அப்படியே செஞ்சு காட்டு," என்றார். நான் சமத்தாக ஸ்பூனை வலது கைக்குள் திணித்துக்கொண்டேன்.

மேடம் அம்மா பக்கம் திரும்பினார். அவர் கேட்பதற்குள் அம்மாவே வெடித்தாள். "நாலு பேரு எதிர்ல பொட்டப்புள்ள பீச்சாங்கையால தின்னா என்ன சொல்லுவாங்க மேடம்?"

"அவளே சாப்பிட்டாள்னு சொல்லுவாங்கம்மா," என்றார் மேடம். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

மறுநாள் காலை அம்மா இட்லியைப் பிட்டுக் கிண்ணத்தில் போட்டு, ஸ்பூனை என் இடது கையில் தானே வைத்தாள். "இந்தா. சிந்தாம தின்னு." சிந்திக்கொண்டுதான் தின்றேன். அடுத்த சில வாரங்களில் சிந்துவது குறைந்து, வாய்க்குள் போவது கூடியது. இடது கைக்கு ஒரு வேலை கொடுத்ததில் அதற்கே சந்தோஷம் போலிருந்தது.

அம்மா வராத முதல் நாளும் வந்தது. டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் நாற்காலியில் உட்கார வைத்தார். என் முன்னால் ஒரு ஸ்டூல், அதன்மேல் கிண்ணத்தில் சாம்பார் சாதம், காலடியில் பலகை. எல்லோரும் என் ஸ்பூனையே பார்த்தார்கள். முதல் வாய் பாவாடையில் விழுந்தது. இரண்டாவது பாதி விழுந்தது. மூன்றாவது வாய் முழுசாக உள்ளே போனது.

பஜாரில் கடை வைத்திருந்த பாய் வீட்டுப் பெண் என் பக்கத்தில் இருந்தாள். "ஏன் இந்தக் கையால சாப்பிடுற?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எனக்கு இதுதான் சோத்துக்கை," என்றேன்.

"ஓ" என்று சொல்லிவிட்டு மூடியை என் ஸ்டூலில் வைத்தாள். அதில் முட்டைப் பொரியல் இருந்தது, பீன்ஸ் இருந்தது, யாரோ கடித்து வைத்த அப்பளம்கூட இருந்தது. எல்லாவற்றிலும் எடுத்தேன். என் டிபனிலிருந்த உருளைக்கிழங்கை நானே அள்ளி மூடியில் வைத்தேன். பாதி ஸ்டூலில் விழுந்தது, அதையும் பொறுக்கித் தின்றுவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றுவரை எந்த விருந்தும் கொடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒன்றுவிடாமல் கேட்டாள். யார் பக்கத்தில் இருந்தார்கள், எத்தனை வாய் சாப்பிட்டாய், விக்கியதா, தண்ணீர் யார் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "இனிமே நீ வரவே வேணாம்மா," என்றேன்.

"சரி கண்ணு," என்றாள். என் யூனிபார்மைக் கழற்றி எடுத்துக்கொண்டு துணி துவைக்கும் கல்லுக்குப் போனாள்.

வெகுநேரமாகியும் திரும்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். அதே பாவாடையை, அதே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை. நானும் சுவரும் நின்றதை அவள் கவனிக்கவில்லை. பீச்சாங்கையை எண்ணித்தான் அவள் அத்தனை நாள் பயந்தாள் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். அவளும் அப்படித்தான் நம்பியிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா பின்னாலேயே வந்தார். "இன்னா ஆச்சு, ஏன் அழுவுற?" என்றார். அம்மா பாவாடையை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். எனக்குக் காரணம் தெரிந்துவிட்டதால் நானே சொன்னேன்.

"சாம்பார் கறை போவலப்பா."

அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நாளைக்குத் தயிர்சோறு கட்டிடலாம்," என்றார். அம்மா அழுதபடியே சிரித்தாள். ஒரு சாம்பார் கறைக்கு இவ்வளவு அழுகையா என்று நினைத்துக்கொண்டு, பிரச்சினையைத் தீர்த்துவைத்த திருப்தியோடு நான் டி.வி. பார்க்கப் போனேன்.