பனிச்சாலையில் ஓர் அவசரம்

என் மனைவிக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. பொன்முடி மலைப்பாதையில் கார் ஏறினால் முதல் வளைவிலேயே கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அப்படிப்பட்டவள்தான் பனியில் கார் ஓட்டுவது எப்படி என்று மூன்று வருஷமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மாணவி எங்கள் ஒரே மகள். கனடாவில் ஒரு சின்ன ஊரில் அவளுக்கு வேலை. பால் வாங்கப் போவதென்றாலும் காரை எடுக்க வேண்டிய ஊர் அது.

பாடமெல்லாம் யூடியூபில் படித்தது. ஆரியசாலையில் கடையைப் பூட்டிவிட்டு வியர்த்து வழிந்தபடி நான் வீட்டுக்குள் நுழைந்தால், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு அங்க மைனஸ் பதினெட்டாக்கும்" என்பாள். அதற்கு நான்தான் காரணம் என்பதுபோல ஒரு பார்வை வேறு. பிறகு போனில் வகுப்பு தொடங்கும்.

"பிரேக்கைச் சவுட்டாதே மக்கா. வண்டி வழுக்கினா ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடு. எங்க போகணுமோ அங்க மட்டும் பாரு. பாலத்து மேல மெல்லப் போ, அங்கதான் முதல்ல உறையும். டிக்கியில கம்பளி இருக்கா?"

தார் தெரிகிறதே என்று நம்பிவிடக் கூடாதாம். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாமல் பனிக்கட்டி படிந்திருக்குமாம். இதைச் சாலைச் சந்தையில் காய்கறிக்காரியிடமும் சொல்லியிருக்கிறாள். வண்டி ஓட்டும்போது போனைத் தொடவே கூடாது என்பது அவள் போட்ட சட்டம். "உனக்கு ஒரு லைசென்ஸ் வாங்கித் தந்துடறேன்" என்று நான் கிண்டல் செய்வேன். "நீங்க முதல்ல ஹாரன் அடிக்காம ஓட்டிப் படியுங்க" என்பாள்.

போன ஜனவரியில் ஒரு விடியற்காலை, காபிக்கு அடுப்பைப் பற்றவைத்தவள் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவளைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியது வரைக்கும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியும். அதற்கப்புறம் நான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

மகளுக்குப் போன் செய்தது என் மைத்துனர். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த எங்கள் குடும்பங்களில் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சாவைச் சொல்வதில்லை. 'சீரியஸ், உடனே புறப்பட்டு வா' என்றுதான் சொல்வோம். வழியில் மனசு உடைந்துவிடக் கூடாது, வந்து நேரில் பார்த்துக்கொள்ளட்டும் என்ற கரிசனம். என் அப்பா போனபோது பம்பாயிலிருந்த என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். எங்கள் ஊர் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி, அழைத்துப்போக வந்தவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நல்ல வழக்கம்தான். ஆனால் என்னை ரயில் ஏற்றிவிட்டார்கள், ரயிலை ஓட்டியது வேறு ஆள்.

மைத்துனர் என்னருகே குனிந்து, "ஐசியூவில வச்சிருக்குன்னு சொல்லியாச்சு. புள்ள காரை எடுத்திட்டு ஏர்போர்ட்டுக்குப் புறப்பட்டாச்சு. யாரும் வாட்ஸாப்பில போடப்பிடாதுன்னு எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன்" என்றார்.

ஏர்போர்ட் அவள் ஊரிலிருந்து மூன்று மணி நேரம். அங்கே அப்போது முந்தின நாள் ராத்திரி. என் மனைவியின் போன் மேஜைமேல் கிடந்தது. அதில் முதலில் வருவதே அந்த ஊரின் வானிலைதான். கடும் பனிப்பொழிவு, அத்தியாவசியப் பயணம் மட்டும் என்று போட்டிருந்தது.

அம்மா உயிரோடு இருக்கிறாள், ஓடிப்போனால் பார்த்துவிடலாம் என்று நினைக்கிற பிள்ளை மெல்ல ஓட்டுமா?

நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அம்மா போட்ட சட்டத்தை அந்த ராத்திரியிலும் மீறவில்லை என் மகள். மைத்துனர் என் கையைப் பிடித்தார். "வேண்டாம் மாப்பிள. விஷயம் தெரிஞ்சா வண்டி ஓட்டக் கை நிக்காது." அவர் சொன்னதும் தப்பில்லை. அதுதான் என்னை வதைத்தது. சொன்னால் உடைந்துபோவாள், சொல்லாவிட்டால் பறப்பாள். இதில் எது சரி என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் கூடத்தில் கண்மூடிக் கிடக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. பிள்ளை அந்தப் பனியில் கிடந்து அல்லாடும்போது இப்படிப் படுத்துக் கிடக்கிறாளே என்று. அழுகை அப்போதுதான் வந்தது.

கடைசியில் மகளே கூப்பிட்டாள். பெட்ரோல் பம்பில் வண்டியை நிறுத்தியிருக்கிறாள். மூச்சு வாங்கியது.

"அப்பா, பாதி தூரம் வந்தாச்சு. அம்மாக்கு ஓர்மை இருக்கா, கண் முழிச்சாளா? நான் வாறேன்னு காதுல சொல்லுங்கப்பா."

கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்களை மைத்துனர் கையமர்த்தினார்.

"கொஞ்சம் ஸ்பீடாத்தான் வந்தேன்," என்றாள். "ஒரு பாலத்தில வண்டி முழுசாச் சுத்திட்டுது. எனக்கு ஒண்ணும் ஆகல்ல. அம்மாட்ட மட்டும் சொல்லிடாதீங்கப்பா, பயந்துபோவா."

"சொல்லமாட்டேன் மக்கா," என்றேன். "வண்டி நின்னுட்டுதானே இருக்கு? சாவியை எடுத்துக் கையில வச்சுக்கோ. அம்மா காலையிலேயே போயிட்டா. இனி அவசரம் ஒண்ணும் இல்ல."