துரை அவிழ்த்துவிட்ட கிடா

எழுபதுகளின் தொடக்கத்தில், சின்னமனூரை அடுத்த எங்கள் ஊருக்கு ஒரு வெளிநாட்டுத் துரையும் அவர் மனைவியும் ஆட்டினத்தை மேம்படுத்த வந்தார்கள். நாங்கள் யாரும் கேட்கவில்லை. எங்கள் ஆடுகளும் கேட்கவில்லை. பி.யூ.சி. முடித்துவிட்டு வீட்டில் கல்யாணத்துக்குக் காத்திருந்தேன் நான். ஊரில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே பெண் என்பதால், அவர்கள் பேச்சை ஊருக்கும் ஊர்ப் பேச்சை அவர்களுக்கும் எடுத்துச் சொல்லும் வேலை எனக்குக் கிடைத்தது.

அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று இன்றைக்குச் சொல்ல வெட்கமில்லை. காலையில் தலைவாரிக்கொண்டு கிளம்பும்போதே மனசு நிறைந்துவிடும். அந்த அம்மாள் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தாள். எதைச் செய்வதற்கு முன்பும் என் பக்கம் திரும்பி, “நீ என்ன சொல்கிறாய்?” என்பாள். எனக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றிக்கூட எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

அவர்கள் கப்பலில் கொண்டுவந்த வெள்ளைக் கிடா கன்றுக்குட்டி உயரம் இருந்தது. துரை அதைக் கட்டிப்போடாமல் அவிழ்த்துவிட்டார். தெருத்தெருவாகப் போய் எல்லா ஆடுகளோடும் சேரட்டும் என்பது அவர் திட்டம். எங்கள் பக்கம் கட்டாமல் ஊர்சுற்றும் கிடா என்றால் சாமிக்கு நேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை யாரும் விரட்ட மாட்டார்கள். சாமி கும்பிடு வந்ததும் வெட்டுவார்கள். கிடா வெற்றிலைக் கொடிக்காலில் புகுந்து மேய்ந்தபோது, கொடிக்கால்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். துரைக்கு ஒரே பூரிப்பு. ஜனங்கள் திட்டத்தைப் புரிந்துகொண்டார்களாம்.

பூசாரி என்னைக் கூப்பிட்டார். “தொரைக்குப் பெரிய மனசு, ஆத்தா. நம்ம சாமிக்குன்னு கடல் தாண்டிக் கெடா கொண்டாந்து விட்டிருக்காக. மொத மரியாதை அவுகளுக்குத்தான்னு சொல்லு.”

உங்களுக்குப் பெரிய மனசு, முதல் மரியாதை உங்களுக்குத்தான் என்று துரையிடம் சொன்னேன். சாமியை மட்டும் விழுங்கிவிட்டேன்.

முழுதும் சொன்னால் துரை கிடாவைப் பிடித்துக் கட்டுவார். சாமிக்கு விட்டதைத் திரும்ப எடுத்தவரை ஊர் வைத்திருக்காது. சொல்லாவிட்டால் கிடா போகும், அதோடு அவர்களும் போவார்கள். எப்படியானாலும் அந்த அம்மாள் எனக்கு இல்லை. இன்னும் நாள் இருக்கிறதே என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போட்டேன்.

சாமி கும்பிடு வந்தது. கிடாவுக்கு மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி சம்மதித்ததாகக் கணக்கு. அத்தனை ரோமத்தோடு அது சிலிர்த்ததில் முன்னால் நின்றவர்கள் எல்லாரும் நனைந்துபோனார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். துரை ஓடியோடிப் போட்டோ எடுத்தார்.

“குளிப்பாட்டுகிறார்களா?” என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அரிவாள் இறங்கிவிட்டது.

பூசாரி கிடாவின் தலையைத் தாம்பாளத்தில் வைத்து, மேளத்தோடு கொண்டுவந்து துரை கையில் கொடுத்தார். அதை ஏந்திக்கொண்டு அவர் நின்ற நிலையைச் சொல்லிச் சொல்லி ஊர் பல வருஷம் சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அடுத்த வாரமே சாமான்களை ஜீப்பில் ஏற்றினார்கள். அந்த அம்மாள் என்னைத் தனியாக அழைத்து, “உனக்கு முன்பே தெரியுமா?” என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.

அப்படியே நம்பிவிட்டாள். “பாவம், நீயும் எவ்வளவு பயந்திருப்பாய்” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். துரை ஜீப்பிலிருந்து அழைக்கும்வரை விடவில்லை.

இரண்டு வருஷம் கடிதம் போட்டுக்கொண்டிருந்தாள். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் அன்று சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று தோன்றும். எழுத வராது. அவளும் நிறுத்திவிட்டாள். கல்யாணமானதும் மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள். எனக்கு அவளைப் போல் வேண்டியவர் பிறகு யாரும் வாய்க்கவில்லை.