கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற அப்பா

எங்கள் அப்பா போய் ஓராண்டு நிறைந்த இந்நாளில், வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். ஆறுதலாக எழுதச் சொன்னார்கள். என்னிடமே இல்லாததை எங்கிருந்து எழுதுவேன்?

அப்பா பிறந்தது தேனிப் பக்கம் தேவாரம் என்ற ஊரில். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, போடிக்கு வந்து, ஏலக்காய் மூட்டை தூக்கி, பிறகு ஜீப் ஓட்டக் கற்றார். விடியுமுன் கூலி வேலைக்குப் போகும் பெண்களை மலை ஏலத்தோட்டத்துக்கு ஏற்றிப் போய், மாலையில் திரும்ப அழைத்து வருவார். வழியில் யார் கை காட்டினாலும் வண்டி நிற்கும். சரிவில் நின்று அவர் ஒரு சத்தம் கொடுத்தால், எதிர்ச் சரிவில் காய் எடுப்பவர்கள் கூடையோடு கிளம்பிவிடுவார்கள். அப்படி ஒரு தொண்டை.

அந்தத் தொண்டையோடுதான், பள்ளியில் படிக்கும் என் தம்பியின் கால்பந்து ஆட்டத்துக்கு முதன்முதலில் வந்தார். தம்பி கோல் கீப்பர். அப்பாவுக்கு அது ஏதோ தண்டனையாகத் தெரிந்திருக்கிறது.

"எல்லாப் பயலும் ஓடுறாய்ங்க, ஒன்னைய மட்டும் ஏன் அப்பு நிப்பாட்டி வச்சிருக்காய்ங்க?" என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். விஷயம் புரிந்த பிறகும் சத்தம் குறையவில்லை. "அங்கிட்டுப் பாரு, வெரசா புடி" என்று கத்திக்கொண்டே இருந்தார். தம்பி அவர் பக்கம் திரும்பிய நேரம் பந்து வலைக்குள் போய்விட்டது.

ஜீப்பில் திரும்பும்போது தம்பி அழுதுகொண்டே சொன்னான்: "நீங்க கத்துனா எனக்குப் பந்து தெரியலப்பா. நீங்கதான் தெரியிறீங்க."

வேறு தகப்பனாக இருந்தால் ஓர் அறை விழுந்திருக்கும். அப்பா வண்டியை ஓரங்கட்டி, "சரி அப்பு, இனிமே கத்தல" என்றார். அதன்பின் எந்த ஆட்டத்திலும் அவர் சத்தம் போட்டதில்லை. கத்தத் தோன்றினால் ஓர் ஏலக்காயை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டு, கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பார். தோற்றால் ஏன் என்று கேட்க மாட்டார். அவனாகப் பேசட்டும் என்று காத்திருப்பார். பயிற்சியாளர் சொல்வதில் தலையிட மாட்டார். எதிரணிப் பையன் விழுந்தாலும் தண்ணீர் பாட்டிலோடு முதலில் ஓடுவது அவர்தான். பிள்ளையை விளையாட அனுப்பும் பெற்றோர் இதற்கு மேல் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

பக்கவாதம் வந்தபோது முதலில் போனது பேச்சு. மதுரை ஆஸ்பத்திரியில் தம்பி கட்டிலருகே உட்கார்ந்து, "கத்துங்கப்பா. ஒரே ஒரு தடவ கத்துங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்று மன்றாடினான். அப்பாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அதை நான் பார்த்திருக்க வேண்டாம். சில நாளில் அவரும் போய்விட்டார்.

அன்றிலிருந்து தம்பி மைதானத்தை மிதிக்கவில்லை. மாவட்ட அணித் தேர்வுக்குக் கூப்பிட்டும் போகவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "அப்பா ஆசைய நெறவேத்துப்பா" என்கிறார்கள். அவன் என்னிடம் மட்டும் சொன்னான்: "அப்பாவுக்கு அப்படி ஒரு ஆசையே கெடையாதுக்கா. நான் வெளையாடுறதப் பாக்கத்தான் வந்தாரு. பாக்குற ஆளு இல்ல. இனி எதுக்குப் போகணும்?"

நீங்கள் அவன் நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், அப்பா பேரைச் சொல்லி அவனை ஆடச் சொல்லாதீர்கள்.

மதுரையிலிருந்து அப்பாவை வீடு கொண்டுவந்து சேர்த்த ஜீப் ஓட்டுநர்களுக்கும், அன்று தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்து அம்மாவைத் தாங்கிப் பிடித்த பெண்களுக்கும், பந்தல் போட்டு, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்த தெருக்காரர்களுக்கும், ஜெர்சியோடு வந்து நின்ற தம்பியின் அணிப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் இப்போதும் ஞாயிறு காலையில் வாசலில் வந்து அவனைக் கூப்பிடுகிறார்கள். "வீட்ல இல்லைன்னு சொல்லுக்கா" என்கிறான் தம்பி. நானும் வாசலுக்குப் போய் அப்படியே சொல்கிறேன்.