சோயா மூட்டைக்குப் பின்னால் ஒரு கோல் கீப்பர்

கடைக்கதவைத் தள்ளித் திறந்ததும் குவபாரா இடது நிலையை ஒரு தட்டு, வலது நிலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உள்ளே பார்த்துக் குனிந்து வணங்குகிறார். கோல் கம்பங்களுக்குச் செய்துவந்த மரியாதை இப்போது அவருடைய டோஃபு கடைக்குக் கிடைக்கிறது. ஆள் வரும்வரை முழங்காலை மடக்கி, கைகளை விரித்தபடி நிற்பார். புதிதாக வருகிறவர்கள் மிரண்டுபோய்ப் பக்கத்திலிருக்கும் என் ஊறுகாய்க்கடைக்குள் நுழைந்துவிடுவார்கள். எனக்கு வியாபாரம்தான்.

சில்லறையைக்கூட இரண்டு கையாலும் வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொள்வார். தண்ணீரில் மிதக்கும் டோஃபுவை, அந்தச் சோயாப் பால்கட்டியையும் அப்படியே. அவருடைய ஏப்ரன் காய்ந்து நாங்கள் பார்த்ததில்லை. "என்னைய ஒரு நாளாச்சும் இப்படிக் கட்டிப் புடிச்சிருக்காரா, கேளுங்க" என்பார் அவர் மனைவி ஃபுசயே, கடையில் கூட்டமாக இருக்கும் நேரம் பார்த்து.

துறைமுகக் கம்பெனியின் கால்பந்து அணியில் கீப்பராக இருந்தவர். பாதி வாழ்க்கை பெஞ்சில் போனது. ஆனால் என்ன குரல்! பந்து உயரே வந்தால் "கீப்பர்!" என்று கத்துவார். எனக்கு விடுங்கள், எல்லாரும் விலகுங்கள் என்று அர்த்தம். அந்தக் கத்தலில் மைதானத்துக்குப் பக்கத்தில் நடக்கும் மீன் ஏலம் ஒரு நிமிடம் நின்றுவிடும்.

கடைசி ஆட்டத்தில் அந்தக் குரலே அவரைக் கவிழ்த்தது. "கீப்பர்!" என்றார். பந்தைத் தலையால் முட்டி வெளியே தள்ளியிருக்க வேண்டிய தடுப்பாட்டக்காரர் ஓனுகி, சொன்ன சொல்லை நம்பிக் குனிந்தார். பந்து இருவரையும் தாண்டி வலைக்குள் போனது. அணியும் லீக்கில் ஒரு படி இறங்கியது. ஓனுகி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் குவபாரா பிழைத்திருப்பார்.

அதன்பிறகு அந்தச் சொல் அவர் வாயில் வரவே இல்லை. ஓனுகி டோஃபு வாங்க வந்தால் குவபாரா சோயா மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். இருக்கிற உடம்பை அது எப்படி மறைக்கும்?

"அண்ணி, உங்க சோயா மூட்டை மூச்சு விடுதே!" என்பார் ஓனுகி.

போன ஞாயிறு ஓனுகியின் புது வீட்டுக்கு உத்திரம் ஏற்றினார்கள். அன்றைக்கு வீட்டுக்காரர் மேலே நின்று மோச்சி என்கிற அரிசி உருண்டைகளை எறிவது வழக்கம். பிடிக்கிற கைக்கு அதிர்ஷ்டம். தெருவே பையும் கையுமாகத் திரண்டிருந்தது. ஃபுசயே, ஏப்ரனைக் கழற்றக்கூட விடாமல் புருஷனை இழுத்து வந்து நிறுத்தினார்.

"மூட்டையெல்லாம் கடையில இருக்கு. இங்க எதுக்குப் பின்னாடி ஒளிவீங்க?"

ஏப்ரன் பைக்குள் கைகளைத் திணித்துக்கொண்டு நின்றார். மோச்சி தோளில் பட்டுத் தெறித்தது, தலையில் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் சவரக்கடை தானபே, "அண்ணே, கோலு!" என்று கூவினார். நானும் சிரித்தேன்.

கடைசியில் ஓனுகி பெரிய மோச்சியைக் கையில் எடுத்தார். "குவபாரா, இது ஒனக்குடா!" என்று வானத்தைப் பார்த்து எறிந்தார். அத்தனை கைகளும் உயர்ந்தன.

"கீப்பர்!"

எல்லாரும் விலகினோம். தானபே குனிந்தேவிட்டார். குவபாரா எங்கள் தோள்களை உரசிக்கொண்டு எழும்பி, மோச்சியை மார்போடு அணைத்தபடி தொப்பென்று சேற்றில் விழுந்தார். ஃபுசயே வாயைப் பொத்திக்கொண்டார்.

எழுந்தார். மோச்சியை ஏப்ரனில் துடைத்தார். ஆட்டத்தை மறுபடி ஆரம்பித்துவைக்கும் கீப்பராக இரண்டடி ஓடி, கையைச் சுழற்றி, அதை மேலே நின்ற ஓனுகிக்கே எறிந்தார்.